ராஜினாமா வேறு, ஓய்வு வேறு!
ஒரு ஆங்கிலச் சொல் மாறினால் பிழைப்பே மாறும்

"தம்பி, முழங்கால் சரியில்லை. நைட் ஷிப்டு இனி என்னால் முடியாது. வேலையை விட்டுவிடுகிறேன் என்று இங்கிலீஷில் நாலு வரி எழுதிக்கொடு."

"அதுக்கென்ன மாமா, இதோ எழுதிவிடுகிறேன்."

பக்கத்து வீட்டுப் பிள்ளை பி.காம். படிக்கிறவன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. 'ஐ ரிசைன்' என்று தொடங்கி, உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி, தேதி போட்டு, பெரியவரிடம் கையெழுத்தும் வாங்கிவிடுகிறான்.

பெங்களூரில் ஆஸ்டின் டவுனிலோ, மர்பி டவுனிலோ, அல்சூரிலோ, ஸ்ரீராமபுரத்திலோ எந்தத் தமிழர் வீட்டு வாசலிலும் நடக்கக்கூடிய காட்சி இது. பிள்ளை எழுதியதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. பெரியவர் சொன்னதைத்தான் எழுதினான். ஆனால் அந்தப் பெரியவர் பழைய பென்ஷன் திட்டத்தின் கீழ் இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ் போட்ட மத்திய அரசு ஊழியராகவோ ரெயில்வே ஊழியராகவோ இருந்தால், அந்த ஒரு சொல் அவருடைய பென்ஷனைத் துடைத்து எடுத்துவிடும். எழுதியிருக்க வேண்டிய சொல் 'ரிசைன்' அல்ல, 'வாலண்டரி ரிட்டயர்மென்ட்'.

தமிழில் இரண்டையும் "வேலையை விட்டார்" என்றே சொல்லிவிடுகிறோம். சர்க்கார் விதிகளில் அவை வேறு வேறு. ரிசைன் செய்தால், அதுவரை உழைத்த சர்வீஸ் முழுவதும் பறிபோகும் என்பது விதி. ரெயில்வேயின் 1993-ம் வருடத்துப் பென்ஷன் விதிகளிலும் இது இருக்கிறது. இருபது வருடம் முடித்து, மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து, விருப்ப ஓய்வு என்று எழுதினால் பென்ஷன் உண்டு. அனுமதி பெற்று வேறொரு சர்க்கார் வேலைக்குப் போவதற்காக ரிசைன் செய்பவருக்கு மட்டும் பழைய சர்வீஸ் கெடாது. (2004 ஜனவரி 1-ந் தேதி முதல் புதிதாகச் சேர்ந்தவர்களின் பென்ஷன் திட்டமே வேறு. அவர்கள் தங்கள் திட்டத்தின் விதியைத்தான் பார்க்க வேண்டும்.)

இது வெறும் காகிதச் சட்டம் என்று யாரும் எண்ண வேண்டாம். டெல்லியில் மின்சாரத் துறையில் ஒருவர் 1968-ல் தினக்கூலியாகச் சேர்ந்தார். 1971 டிசம்பரில் பியூனாக நிரந்தரம் ஆனார். 1990 ஜூலையில் ராஜினாமா கடிதம் கொடுத்தார். அதை விருப்ப ஓய்வாகவே கருதிப் பென்ஷன் தரவேண்டும் என்பது அவருடைய வழக்கு. டெல்லி ஐகோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2019 டிசம்பரில் அங்கே தீர்ப்பு மாறிவிட்டது. அவர் இருபது வருடம் முடித்தாரா இல்லையா என்பதே கேள்வி அல்ல, ராஜினாமா என்று கொடுத்த பிறகு பழைய சர்வீஸ் போனது போனதுதான் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. கடிதம் கொடுத்து இருபத்தொன்பது வருடம் கழித்து வந்த பதில் இது!

எதிர்ப் பக்கத்திலும் ஒரு வழக்கு உண்டு. சர்க்கார் இன்சூரன்சு கம்பெனி ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர், முறைப்படி மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து 1991-ல் விலகினார். அவரும் 'ரிசைன்' என்றே எழுதியிருந்தார். ஆனால் அவர் விலகியபோது இருந்த விதியில் இரண்டு சொல்லும் பிரித்துக் காட்டப்படவில்லை. பென்ஷன் திட்டமே 1995-ல்தான் வந்தது. ஆகவே அவருடையது விருப்ப ஓய்வுதான் என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. அவருக்குக் காலம் கைகொடுத்தது. எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று நம்பிக் கையெழுத்துப் போட முடியுமா?

எழுதிக் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. அலகாபாத் ஐகோர்ட்டு நீதிபதி ஒருவர் 1977 மே மாதத்தில், ஆகஸ்டு 1 முதல் விலகுவதாக எழுதினார். ஜூலையில் மனம் மாறி வாபஸ் வாங்கினார். அந்த வாபஸ் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1978-ல் சொன்னது. சொன்ன தேதி வருவதற்குள் அவர் விழித்துக்கொண்டதுதான் விஷயம்.

தனியார் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் இதற்கு நேர்மாறான பயம் இருக்கிறது. "ரிசைன் செய்தால் கிராஜுவிட்டி போய்விடும்" என்கிறார்கள். அது தவறு. 1972-ம் வருடத்துக் கிராஜுவிட்டி சட்டத்திலேயே, ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவர் ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டி உண்டு என்று எழுதப்பட்டது. இப்போதைய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை இருக்கிறது.

ராஜினாமா என்ற சொல்லே ஒரு குழப்படிக்காரன். தமிழிலும் கன்னடத்திலும் அதற்கு ஒரே பொருள். ஆனால் இந்திக்கார நண்பரிடம் 'ராஜிநாமா' என்றால், இரண்டு பேர் சண்டையை விட்டுச் சமாதானமாகி எழுதிக்கொண்ட பத்திரம் என்று நினைப்பார். வேலையை விடுவதற்கு அவர் சொல்வது 'இஸ்தீபா'. நம் கோர்ட்டுகளில் 'கேஸ் ராஜியாகிவிட்டது' என்கிறோமே, அந்த ராஜிதான் அது!

சீட்டு கிழிந்தது

நாமாக விடுவது போக, அவர்களாக அனுப்புவது இருக்கிறது. "சீட்டைக் கிழித்துவிட்டார்கள்" என்று தமிழில் ஒரே வாக்கியம். ரெயில்வேயின் 1968-ம் வருடத்து ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் அதற்குப் பல படிகள் உண்டு. 'ரிமூவல்' என்றால் வேலை போகும். ஆனால் பிறகு வேறு சர்க்கார் வேலைக்கு மனுப் போடத் தடை இல்லை. 'டிஸ்மிசல்' என்றால் சாதாரணமாக அந்தக் கதவும் அடைபடும். 'கம்பல்சரி ரிட்டயர்மென்ட்' தண்டனையாக வந்தாலும், தகுதியான சர்வீஸ் இருந்தால் பென்ஷனில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் கிடைக்கும். 'சஸ்பென்ஷன்' தண்டனையே அல்ல. விசாரணை முடியும் வரை ஒதுக்கி வைப்பதுதான். அந்தக் காலத்தில் பிழைப்புப் படி உண்டு. ஆர்டரைக் கையில் வாங்கியதும் தலையில் கைவைத்து உட்காருவதற்கு முன், நான்கில் எது என்று பார்த்துவிட வேண்டும். அப்பீல் மனுவில் எதைக் கேட்பது என்பதும் அதைப் பொறுத்ததே.

லே-ஆப்

இந்தச் சொல்லை இப்போது பெங்களூரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் லே-ஆப் செய்தன என்று பத்திரிகையில் வருகிறது. அது அமெரிக்க வழக்கு. ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்புவது.

பீனியாவில் ஒரு தொழிற்சாலை வாசலில் 'லே-ஆப்' என்று நோட்டீஸ் ஒட்டினால் அந்தப் பொருள் அல்ல. மின்சாரம் இல்லை, நிலக்கரி இல்லை, மூலப்பொருள் வரவில்லை, மெஷின் பழுது என்ற காரணத்தால் தற்காலிகமாக வேலை கொடுக்க முடியவில்லை என்பதே இந்தியச் சட்டத்தில் லே-ஆப். தொழிலாளியின் பெயர் மஸ்டர் ரோலில் அப்படியே இருக்கும். ஐம்பது பேருக்குக் குறையாத தொழிற்சாலையில் ஒரு வருடம் சர்வீஸ் முடித்தவருக்கு, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி கிடைக்க வேண்டும். நோட்டீசைப் பார்த்துவிட்டு "வேலை போயிற்று" என்று கிருஷ்ணகிரிக்கோ தர்மபுரிக்கோ மூட்டை கட்டிவிட்டால், அந்தப் பாதியும் சிக்கலாகிவிடும். ஏனென்றால், சொல்கிற நேரத்துக்கு வந்து ஆஜராக வேண்டும் என்பதும் விதியில் உண்டு.

ஒரேயடியாக ஆட்குறைப்பு செய்வதற்குச் சட்டத்தில் பெயர் 'ரிட்ரெஞ்ச்மென்ட்'. அதற்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்குரிய சம்பளம், அத்துடன் முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் நஷ்ட ஈடு. 1947-ம் வருடத்துத் தொழில் தகராறு சட்டம் வகுத்த இந்த வேறுபாட்டை, அதன் இடத்தில் வந்த 2020-ம் வருடத்துத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் அப்படியே வைத்திருக்கிறது. 'லாக்-அவுட்' என்பது தகராறில் நிர்வாகம் கதவைப் பூட்டுவது. 2020-ல் நாடு முழுவதும் பார்த்த 'லாக்-டவுன்' வேறு. 'லாக்-அப்' எது என்று சொல்லத் தேவையில்லை!

காலி டிரம்

தொழிற்சாலைச் சொற்களில் உயிரையே எடுக்கக்கூடியது ஒன்று உண்டு. தேவனகொந்தி எண்ணெய் டிப்போப் பக்கம் போகிறவர்கள் டாங்கர் லாரிகளின் முதுகில் படித்திருப்பார்கள்: 'ஹைலி இன்பிளேமபிள்'. ஆங்கிலத்தில் 'கரெக்ட்' என்றால் சரி. 'இன்கரெக்ட்' என்றால் சரி அல்ல. அதே கணக்கில் 'பிளேமபிள்' தீப்பிடிப்பது என்றால், 'இன்பிளேமபிள்' தீப்பிடிக்காதது என்றுதானே தோன்றும்? இல்லை. இரண்டும் ஒன்றே. இரண்டும் கொழுந்துவிட்டு எரியும். இந்த 'இன்' லத்தீன் மொழியில் 'உள்ளே தீ மூட்டு' என்ற பொருளில் வந்தது. தீப்பிடிக்காத சரக்குக்கு 'நான்-பிளேமபிள்' என்று எழுதுவார்கள். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ள அமெரிக்காவிலும் இதில் தடுமாறினார்கள். அங்கே தீத்தடுப்புச் சங்கத்தார் 1920-களிலேயே 'இன்'னை வெட்டிவிட்டு எழுதும்படி கேட்டுக்கொண்டார்கள்.

அதே நாட்டில் பெஞ்சமின் லீ வோர்ப் என்பவர் தீ இன்சூரன்சு கம்பெனியில் ஆய்வாளராக இருந்தார். மொழி ஆராய்ச்சியிலும் பெயர் பெற்றவர். பெட்ரோல் நிறைந்த டிரம்முக்குப் பக்கத்தில் எச்சரிக்கையாக இருக்கிறவர்கள், 'காலி' என்று எழுதிய டிரம்முக்குப் பக்கத்தில் தாராளமாக சிகரெட் பிடிக்கிறார்கள் என்பதை அவர் கவனித்து எழுதினார். காலி டிரம்மில் இருப்பது ஆவி, அதுதான் வெடிக்கும். காலி என்ற சொல்லே ஆளை ஏமாற்றிவிடுகிறது. தமிழிலும் இதே கதைதான்.

சாட்சியா, ஜாமீனா?

சொசைட்டியில் கடன் வாங்கும் நண்பர் படிவத்தை நீட்டுகிறார். "ஒரு கையெழுத்துதான் அண்ணே, சும்மா பார்மாலிட்டி." அண்ணனும் டீ குடித்துக்கொண்டே போட்டுவிடுகிறார். கையெழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

'விட்னஸ்' என்று இருந்தால் அவர் சாட்சி. "இன்னார் என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார்" என்பதோடு சரி. கடன் அவரைத் தொடாது. 'ஷ்யூரிட்டி' என்றோ 'கேரண்டர்' என்றோ இருந்தால் அவர் ஜாமீன்தாரர். கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்று 1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு சொல்கிறது. "முதலில் வாங்கினவனைப் பிடியுங்கள், அவனிடம் கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள்" என்று பலர் வாதாடுவார்கள். அந்த வாதம் எடுபடாது என்று பீகார் வங்கி வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு 1960-களிலேயே சொல்லிவிட்டது. வேறு விதமாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலன்றி, வங்கி நேராக ஜாமீன்தாரர் வீட்டுக் கதவைத் தட்டலாம். நண்பர் மாற்றலாகியோ, வேலையை விட்டோ, ஊரைவிட்டோ போய்விட்டால் சம்பளத்தில் பிடித்தம் யாருக்கு என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். நண்பருக்கு ஜாமீன் போடவே கூடாது என்பதல்ல. ஜாமீன் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும். டீக்கடையில் வைத்துப் போடுகிற கையெழுத்து அல்ல அது.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது 'நாமினி'. நாமினி என்றால் வாரிசு என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நாமினி பணத்தை வாங்கிக் கொடுக்கிற கை. சொத்து வாரிசுகளுக்கு என்பதே கோர்ட்டுகள் பொதுவாகச் சொல்லி வந்தது. ஆயுள் இன்சூரன்சில் 1983-ல் சுப்ரீம் கோர்ட்டு அப்படித் தீர்ப்பளித்தது. பிறகு 2015-ம் வருடத்துத் திருத்தத்தால் இன்சூரன்சில் மட்டும் நிலைமை மாறியது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். கம்பெனி பங்குகளில் நாமினி சொந்தக்காரர் ஆகமாட்டார் என்று 2023 டிசம்பரில் மறுபடி தீர்ப்பு வந்தது.

வங்கி ஊழியர் ஒருவர் திருமணத்துக்கு முன் தாயார் பெயரை நாமினியாக எழுதியிருந்தார். திருமணமான வருடமே இறந்துவிட்டார். மாமியாரும் மருமகளும் சுப்ரீம் கோர்ட்டு வரை நின்றார்கள். 2009-ல்தான் முடிவு வந்தது: நாமினி என்பதற்காகத் தாய்க்கே எல்லாம் அல்ல, வாரிசுரிமைப்படி இருவருக்கும் பங்கு. ஒரு பாரத்தைத் திருத்தி எழுதியிருந்தால் இரண்டு பெண்கள் கோர்ட்டு ஏறியிருக்க வேண்டாம்.

வீட்டு விஷயத்தில் 'லீஸ்' என்ற சொல்லைப் பெங்களூர்க்காரர்கள் தனி வழக்கில் வைத்திருக்கிறார்கள். லட்சக்கணக்கில் மொத்தப் பணம் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்குவது. நம் ஊரில் ஒத்தி, போக்கியம் என்பது. ஆனால் சட்டத்தில் மாத வாடகையும் 'லீஸ்'தான். ஆகவே தலைப்பைப் பார்த்துத் திருப்திப்படாமல், பணம் திரும்பி வருவது எந்த வரியில் எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்டால் பதிவு செய்தாக வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம் என்ற வழக்கம் வந்தது அதனால்தான். வீட்டு வாசல்களில் தொங்கும் 'டு-லெட்' போர்டில் நடுவே ஒரு 'ஐ' எழுதிக் கழிப்பிடமாக்கிவிடும் விஷமக்காரப் பிள்ளைகளுக்கும் இந்தப் பத்தியில் ஓர் இடம் கொடுத்துவிடலாம்!

பி-யும் பி-யும்

ஆபீஸ் வேலையில் இருப்பவர்களுக்குத் தினமும் தொல்லை கொடுப்பவை எழுத்து மாறும் சொற்கள். இதில் தமிழருக்குக் கூடுதல் சிரமம் ஒன்று உண்டு. கன்னடத்தில் ப-வுக்கு நான்கு எழுத்து. தமிழில் ஒன்று. மாத்திரையும் 'பில்', கடைக்காரர் நீட்டும் ரசீதும் 'பில்'. ஆங்கில அரிச்சுவடியின் இரண்டு எழுத்துகளுக்குமே தமிழில் எழுதினால் பெயர் 'பி'தான். டெலிபோனில் பெயர் சொல்லும்போது "பி பார் பாம்பே" என்று சொல்ல வேண்டி வருவது இதனால்தான். பக்கத்து மேஜைக் கன்னட நண்பருக்கு இந்தக் கஷ்டம் குறைவு. அவருக்குக் காது வேறு அல்ல, எழுத்துப் பலகை வேறு. பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படிக்கும்போது கூடவே உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்ட தகப்பன்மார்கள், ஆங்கில எழுத்துக்கூட்டலும் சேர்ந்தே திருந்தியதாகச் சொல்வதில் வியப்பில்லை.

ரெயில்வேயில் அடிக்கடி கண்ணில் படுவது 'பர்சனல்'. ஊழியர் விவகாரம் பார்க்கும் பிரிவு என்றால் 'என்' இரண்டு வந்து, பிறகு 'ஈ' வரவேண்டும். 'என்' ஒன்றாகி 'ஏ' வந்துவிட்டால் சொந்த விஷயம் என்றாகிவிடும். கவரின் மேல் அப்படி எழுதினால், அதிகாரி வரும்வரை பிரிக்காமல் மேஜையில் கிடக்கும். லீவு மனுவில் 'கேஷுவல்' என்ற சொல்லில் 'எஸ்' முன்னால், 'யு' பின்னால். இடம் மாறினால் 'காசல்'. காரணம் சம்பந்தப்பட்ட லீவு என்று ஒரு லீவு இந்தியாவில் எங்கும் கிடையாது. இன்கிரிமென்ட் ஆர்டரில் 'வித் எபெக்ட் பிரம்' என்பதில் முதல் எழுத்து 'ஈ'. அந்தத் தேதி முதல் அமல் என்று பொருள். 'ஏ'-யில் தொடங்குகிற 'அபெக்ட்' பாதிப்பது. 'பிரின்சிபல்' முடிவில் 'ஏ, எல்' வந்தால் கல்லூரித் தலைவர், கடனில் அசல், முதல் கடனாளி எல்லாம் அதுவே. 'எல், ஈ' என்று முடிந்தால் கொள்கை மட்டும். 'ஸ்டேஷனரி'யில் 'ஈ' வந்தால் காகிதம், பேனா. என்வலப்பின் முதல் எழுத்தும் 'ஈ' என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். 'ஏ' வந்தால் சிக்னலுக்கு நிற்கிற கூட்ஸ் வண்டி!

'சாங்ஷன்' என்ற சொல்லையும் சொல்லிவிட வேண்டும். ஆபீசில் லோன் 'சாங்ஷன்' ஆனால் இனிப்பு வாங்கிக் கொடுக்கிறோம். அதே சொல் வெளிநாட்டுச் செய்தியில் வந்தால், ஒரு நாட்டின் மேல் போடுகிற தடை. எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. இதற்கு ஆங்கிலேயரைத்தான் கேட்க வேண்டும்.

அகராதியைப் பார்த்தும் சந்தேகம் தீராத காகிதம் கைக்கு வந்தால், கையெழுத்துப் போடும் முன் காட்டுவதற்கு ஓர் இடம் இருக்கிறது. 1987-ம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவச சட்ட உதவி பெறத் தகுதியானவர்களில் தொழிற்சாலைத் தொழிலாளரும் உண்டு. பெண்களும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பாரும் உண்டு. இவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. நாடு முழுவதற்கும் உள்ள இலவச டெலிபோன் எண் 15100. கர்நாடக மாநில ஆணையத்தின் அலுவலகம் பெங்களூர் சித்தையா ரோட்டில், 'நியாய தேகுல' என்ற கட்டிடத்தில் உள்ளது. தேகுல என்றால் கன்னடத்தில் கோயில்.